வைப்பரின் பதினைந்தாவது டெஸ்ட்

ஒருவர் ரயில் பெட்டியில் ஏறி உட்காரும் விதத்தைப் பார்த்தே அவரிடம் டிக்கெட் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். முப்பது வருடமாக டிக்கெட் பரிசோதகர் வேலை. தூங்குகிற மாதிரி நடிப்பவர்கள், கழிப்பறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்பவர்கள், "இப்பதான் மேடம் பர்ஸ் காணாமப் போச்சு" என்று கண் கலங்குபவர்கள், எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. என்னிடம் யாருடைய பருப்பும் வேகாது.

அப்படிப்பட்ட எனக்கு, அப்பாவின் உயிலை எழுதிய வக்கீல் அதை வாசித்து முடித்ததும் மூக்கில் வியர்த்துவிட்டது.

வீடு எனக்கும் அண்ணனுக்கும் சரிபாதி. அதில் வம்பில்லை. ஆனால் அப்பா நாற்பத்தைந்து வருடம் நடத்திய டிரைவிங் ஸ்கூல் இருக்கிறதே, தெருமுனையில் அந்த ஒற்றை அறை, பின்னால் ஷெட், ஷெட்டில் நிற்கும், ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் வைத்த கார், சுவரில் மாட்டிய சாலைக்குறிப் படங்கள் உட்பட அத்தனையும், அவரைக் கடைசி மூன்று வருடம் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு.

"அவளுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"லைசென்ஸ் இல்லைனு நினைக்கிறேன்" என்றார் வக்கீல்.

அண்ணன் சிரித்துவிட்டான். அவன் பல் செட் செய்து கொடுக்கும் கடை வைத்திருக்கிறான். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவன் கையால் செய்தது. அதனாலோ என்னவோ, எதற்கெடுத்தாலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"போனாப் போகுது விடும்மா. அப்பா ஆசைப்பட்டுக் கொடுத்திருக்காரு. அந்தப் பொண்ணும் நல்லாத்தானே பார்த்துக்கிட்டா."

"பார்த்துக்கத்தான் சம்பளம் கொடுத்தோம். லைசென்ஸ் இல்லாதவளுக்கு டிரைவிங் ஸ்கூலை எழுதி வைக்கிற மனுஷன் சுயநினைவோட இருந்திருப்பாரா? நீயே சொல்லு."

"சாகுறதுக்கு நாலு நாள் முன்னாடி என் காரை வாசல்ல கோணலா நிறுத்தியிருக்கேன்னு திட்டினாரு. சுயநினைவு இல்லாமலா?"

இவனிடம் பேசிப் பயனில்லை என்று எழுந்து வந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த அறையும் பெரிதில்லை, காரும் பெரிதில்லை. இருபத்திரண்டு வயதில் நான் அப்பாவிடம் போய், "நானும் ஸ்கூல்ல சொல்லித் தர்றேன்பா" என்று கேட்டேன். "நீ ஓட்டுறது சரிதான். சொல்லிக்கொடுக்க உனக்கு வராது" என்றார். அவ்வளவுதான் பதில். அன்றைக்கு என்னிடம் மறுத்ததை நேற்று வந்தவளுக்குத் தூக்கிக் கொடுத்தார் என்றால், அவள் அவரை ஏதோ செய்து மயக்கியிருக்க வேண்டும். அப்படி மயக்கவில்லை என்றால், நல்ல நினைவோடு, நன்றாக யோசித்து, அப்பா என்னை இரண்டாவது முறையும் ஒதுக்கியிருக்கிறார் என்றாகிவிடும். அது என்னால் தாங்கக் கூடியதாக இல்லை.

அப்பாவின் டெஸ்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரசாங்கத்து டெஸ்டுக்கு அனுப்புமுன் அவர் தானே ஒரு டெஸ்ட் வைப்பார். ஒரு எவர்சில்வர் டம்ளரில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் ஊற்றி, முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பார். ஊரைச் சுற்றி வருவதற்குள் ஒரு சொட்டுச் சிந்தக் கூடாது. மொத்தம் இருபது மார்க், பாஸுக்குப் பதினெட்டு. அரை அரை மார்க்காகக் குறைப்பார். ஆளுக்கு ஒரு அட்டை, அட்டையில் பெயர் எழுத மாட்டார், அவர் வைக்கும் பட்டப்பெயர்தான். எந்தத் தப்பை விடாமல் செய்கிறார்களோ அதுதான் பட்டம். ரிவர்ஸ் என்று ஒரு டாக்டர் உண்டு. கிளட்ச் என்று ஒரு கணக்கு வாத்தியார்.

எனக்கு வைத்த பெயர் ஹாரன். பதினோரு முறை என்னை ஃபெயில் போட்டார். ஓட்டுவதில் ஒரு குறை சொல்ல முடியாது, ஆனால் எவனாவது குறுக்கே வந்தால் என் கை தானாக ஹாரனுக்குப் போய்விடும், வாய் அதற்கு முன்னால் போய்விடும். பதினோராவது ஃபெயிலுக்குப் பிறகு, ரோஷத்தில் அவருக்குச் சொல்லாமல் அரசாங்க டெஸ்டுக்குப் போய் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கி, அவர் மேசை மேல் வைத்தேன். எடுத்துப் பார்த்தார். "படம் நல்லா வந்திருக்கு" என்றார். அன்றைக்கு அந்தக் காரை விட்டு இறங்கியவள்தான், பிறகு ஏறவே இல்லை.

மூன்று வருடம் முன்பு அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி, கைகள் நடுங்கத் தொடங்கின. கால்கள் மட்டும் வாலிபனுடையவை. கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். நான் ஸ்கூலுக்குப் போய் ஆணியில் தொங்கிய கார்ச் சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டு, "இனி ஷெட் பக்கமே போகக் கூடாது" என்றேன். அப்பா தலையை ஆட்டினார். அவ்வளவு சுலபமாக அவர் எதற்கும் தலையாட்டியதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அந்த வாரம்தான் அவரைப் பார்த்துக்கொள்ள அந்தப் பெண்ணை ஏற்பாடு செய்தோம்.

நாற்பது வயசு இருக்கும். ஒல்லி, மெல்லிய குரல். வந்த அன்றே என்னை அக்கா என்று கூப்பிட்டாள். "எனக்குக் கூடப்பிறந்தவன் ஒருத்தன்தான்" என்று சொல்லி வைத்தேன். "சரிக்கா" என்றாள்.

உயிலை எதிர்த்து நான் வைத்துக்கொண்ட வக்கீல் இளைஞர், பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டும் பழக்கம் உள்ளவர். ஒருவரை நம்பியிருக்கும் முதியவரிடம் மனதைக் கலைத்து எழுதி வாங்குவதற்குச் சட்டத்தில் தகாத செல்வாக்கு என்று பெயராம். "அதை நிரூபிக்கணும் மேடம். வெறும் சந்தேகம் போதாது" என்றார். யாரிடம் சொல்கிறார். நோட்டு ஒன்று போட்டு நானே செக்கிங்கில் இறங்கிவிட்டேன்.

ஸ்கூலுக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். தினமும் பத்து மணிக்கு அவள் வீட்டு முன்கதவைப் பூட்டிவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துப் பின்சந்து வழியாகக் கூட்டிக்கொண்டு போவாளாம். பன்னிரண்டுக்குத்தான் திரும்புவார்களாம். எங்கே போவார்கள் என்றால் தெரியாது என்று மாத்திரைப் பட்டையை எண்ணத் தொடங்கிவிட்டார். எழுதிக்கொண்டேன். நான் இரண்டு ரயிலுக்கு நடுவே பிளாட்பாரத்தில் நின்று பத்து மணிக்கு போன் செய்தால் அப்பாவின் போன் எப்போதும் அணைந்திருக்கும். அதையும் எழுதினேன். பன்னிரண்டுக்குக் கூப்பிட்டால் எடுப்பார், குரலில் அப்படி ஓர் உற்சாகம் இருக்கும், காரணமில்லாமல் சிரிப்பார். இவள் என்ன மாத்திரையைக் கொடுத்துக் கிறங்க வைத்திருக்கிறாளோ என்று அதையும் எழுதினேன். உயில் எழுதிய அன்று வக்கீல் ஆபீசுக்கு அப்பாவோடு போனவளும் அவள்தான். உயிலில் அப்பாவின் கையெழுத்து ஒரே கோணல்.

கடைசியாக, அப்பாவின் அலமாரியைக் குடைந்தபோது, வேட்டிகளுக்கு அடியில் கார் வைப்பர் ரப்பர்கள் ஐந்து ஜோடி இருந்தன. எல்லாம் தேய்ந்து நார் நாராகத் தொங்கின. மூன்று வருடமாக நகராத காருக்கு எதற்கு ஐந்து ஜோடி? ஒன்றும் புரியவில்லை. இருந்தாலும் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

நோட்டைப் படித்த வக்கீல் பேனா மூடியை ஆனந்தமாக மாட்டினார். "பிரமாதம் மேடம். தனிமைப்படுத்தல், போனைத் துண்டிக்கிறது, ரகசியமா வெளியே கூட்டிட்டுப் போறது. சட்டப் புத்தகத்துல இருக்கிற மாதிரியே இருக்கு. மாத்திரையை மட்டும் எடுத்துடலாம்."

நோட்டீஸ் அனுப்பினோம். கோர்ட்டுக்குப் போனோம். குடும்ப விஷயம், முதலில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள் என்று கோர்ட் எங்களைச் சமரச அறைக்கு அனுப்பியது. வட்ட மேசை, ஒரு கூஜா தண்ணீர், அழுகிறவர்களுக்காக ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி. சமரசம் செய்ய வந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி. உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமினார்.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நான் உங்க அப்பாகிட்ட கார் கத்துக்கிட்டவன். ஆட்சேபனை இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"என்ன பேர் வச்சாரு?" என்று கேட்டான் அண்ணன்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். "ஹேண்ட்பிரேக்."

நான் ஆட்சேபிக்கவில்லை. இந்த ஊரில் அப்பாவிடம் படிக்காத நீதிபதி வேண்டுமென்றால், பஸ்ஸில் வருகிறவராகப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

அவள் வக்கீல் இல்லாமல் தனியாக வந்திருந்தாள். மடியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. நான் நோட்டைப் பிரித்து ஒன்றுவிடாமல் வாசித்தேன். நடுவில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"பத்து மணிக்கு தினமும் எங்கே கூட்டிட்டுப் போனீங்கம்மா?" என்று அவளிடம் கேட்டார் நீதிபதி.

"சொல்லக் கூடாதுன்னு ஐயாகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேங்க."

"பார்த்தீங்களா" என்றேன் நான்.

"யார்கிட்ட சொல்லக் கூடாதுன்னு?"

அவள் என்னைப் பார்த்தாள். "அக்காகிட்ட."

"அப்போ என்கிட்ட சொல்லலாமே."

அவள் அதை நிஜமாகவே யோசித்தாள். "அக்கா கொஞ்சம் காதைப் பொத்திக்குவாங்களா?"

அண்ணன் காகிதக் கைக்குட்டை ஒன்றை உருவி வாயில் அழுத்திக்கொண்டான். நான் அவன் காலை மிதித்தேன். "நான் எதுக்குப் பொத்தணும்? நான்தான் கேஸ் போட்டவ."

"சத்தியம் வாங்கினவர் இருந்த வரைக்கும்தான் அது செல்லும்னு வச்சுக்கலாம். சொல்லுங்கம்மா" என்றார் நீதிபதி.

"கார் கத்துக்கப் போனோம்."

"எந்தக் காரு?" கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து மேசை மேல் டக்கென்று வைத்தேன். "சாவி மூணு வருஷமா இதோ இங்க இருக்கு."

அவள் பிஸ்கட் டப்பாவைத் திறந்து இன்னொரு சாவியை எடுத்து அதன் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தாள். "டிரைவிங் ஸ்கூல்ல எப்பவும் ரெண்டு சாவி இருக்கும்க்கா. கத்துக்க வர்றவங்க ஒண்ணை உள்ளே வச்சுப் பூட்டிடுவாங்கல்ல."

அந்த ஸ்கூலின் பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள் நான். எனக்கு அது தெரியாதா? தெரியும். மறந்துபோயிருந்தேன். முகத்தில் அசடு வழிய உட்கார்ந்திருந்தேன்.

"ஐயா காரை ஓட்டவே இல்லீங்க" என்று அவள் அவசரமாகச் சொன்னாள். "பக்கத்துல உட்காருவாரு. அவர் பக்கத்து பிரேக்குல கால் இருக்கும். எல் போர்டு மாட்டி, பின்சந்து முனையில இருக்கிற மில் மைதானத்துல ஓட்டுவோம். ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் ரோட்டுக்கே விட்டாரு."

"போனை ஏன் அணைச்சீங்க?" என்றார் என் வக்கீல்.

"அக்கா பத்து மணிக்குத்தான் கூப்பிடுவாங்க. இன்ஜின் சத்தம் கேட்டா கண்டுபிடிச்சிடுவாங்கன்னு ஐயாதான் அணைக்கச் சொன்னாரு. 'ரயில் சத்தத்துலயே பொய் சொல்றவனைக் கண்டுபிடிக்கிறவ, என்னை விடுவாளா'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

"ஆக, உயில் எழுதின அன்னிக்கும் நீங்கதான் அந்தக் கார்ல அவரை ஓட்டிக் கூட்டிட்டுப் போனீங்க" என்றார் வக்கீல்.

"ஐயோ, இல்லீங்க. அந்த வழியில ரவுண்டானா இருக்கு. எனக்கு ரவுண்டானா வராதுன்னு ஐயா விடல. டாக்ஸியிலதான் போனோம். டாக்ஸி ஓட்டினவரும் ஐயாகிட்ட படிச்சவரு. வழி முழுக்கத் திட்டு வாங்கினாரு, பாவம்."

நீதிபதி மெல்லத் தலையாட்டினார். அந்தத் திட்டின் ருசி அவருக்குத் தெரியும். பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அந்தக் கார் ரோட்டுக்கு வந்ததை ஊரே பார்த்திருக்கிறது. டாக்டர் ரிவர்ஸ் பார்த்திருக்கிறார், மருந்துக்கடைக்காரர் பார்த்திருக்கிறார். ஊரே அப்பாவிடம் படித்தது. ஒருத்தரும் என்னிடம் மூச்சு விடவில்லை.

"உங்க அட்டை இருக்கா?" என்று கேட்டார் நீதிபதி.

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "வேணாங்க. ரொம்ப மோசமா இருக்கும்."

"என்னோடதை விடவா? கொடுங்க."

டப்பாவிலிருந்து அட்டை வந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "பேர், வைப்பர். முதல் டெஸ்ட், நாலு மார்க். ரெண்டாவது, மூணரை." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "குறைஞ்சிருக்கே."

"மரத்துல லேசா இடிச்சிட்டேங்க."

"குறிப்பு: திரும்பும்போதெல்லாம் சிக்னல் போடாமல் வைப்பர் போடுகிறாள். வானம் சுத்தமாக இருக்கிறது." அடுத்த வரி. "இன்றும் மழை இல்லை." அதற்கடுத்த வரி. "வைப்பர் ரப்பர் மாற்ற வேண்டும்."

நான் நோட்டைத் திறந்து அந்தக் கேள்விக்குறியை அடித்தேன். அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. மேசை ஆடியதிலிருந்தே அவன் நிலைமை தெரிந்தது.

பதினான்கு டெஸ்ட். பதினான்கும் ஃபெயில். கடைசி டெஸ்டில் பதினேழரை. நீதிபதி அட்டையைக் கீழே வைத்து என் வக்கீலைப் பார்த்தார்.

"இந்த அம்மாவுக்கு அவர் மேல தகாத செல்வாக்கு இருந்துச்சுங்கிறீங்க. மூணு வருஷம் சாப்பாடு போட்டு, மருந்து கொடுத்து, கையைப் பிடிச்சு நடக்க வச்சிருக்காங்க. அரை மார்க் ஏத்தி வாங்க முடியல. ஒரு ஸ்கூலையே எழுதி வாங்கிட்டாங்கன்னு சொன்னா நான் என்னன்னு நம்புறது?"

வக்கீல் பேனா மூடியை மாட்டினார். பிறகு கழற்றவில்லை.

"நான் அவரை எதுக்கும் கட்டாயப்படுத்தலீங்க" என்றாள் அவள். "அவர்தான் என்னைக் கட்டாயப்படுத்தினாரு. நான் ஆட்டோவுலகூடக் கண்ணை மூடிட்டுத்தான் போவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு வேண்டியது இன்னும் கிடைக்கவில்லை. கோபமாகத்தான் ஆரம்பித்தேன், முடிக்கும்போது கோபத்தைக் காணவில்லை.

"சரி. மயக்கல, ஏமாத்தல, ஒத்துக்கறேன். பதினாலு தடவை ஃபெயில் ஆனவளுக்கு எதுக்கு ஸ்கூலைக் கொடுத்தாரு? நான் கேட்டப்போ கொடுக்கலையே. நான் அவர் பொண்ணுதானே."

அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டு என் முதுகில் கை வைத்தான். அவள் அந்த அட்டையை எடுத்து, திருப்பி, என் முன்னால் நகர்த்தினாள்.

பின்பக்கத்தில் அப்பாவின் நடுங்கிய எழுத்து. உயிலில் இருந்த அதே கோணல். "வைப்பர் எல்லாத் தப்பையும் செய்து பார்த்துவிட்டாள். ஒன்றையே நாற்பது முறை சொன்னாலும் முகம் சுளிப்பதில்லை. சொல்லிக்கொடுக்க இவள் போதும். டெஸ்ட் வைக்க இவளுக்கு மனசு வராது, எல்லாரையும் பாஸ் போட்டுவிடுவாள்."

அதன் கீழே பதினைந்தாவது டெஸ்டுக்குக் கோடு போட்டிருந்தார். தேதி இல்லை, மார்க் இல்லை. தேர்வாளர் என்ற இடத்தில் நாற்பத்தைந்து வருடமாக எல்லா அட்டையிலும் அவர் கையெழுத்துதான் இருக்கும். இதில், ஹாரன் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் பொடியாக, "இவளிடம் ஒருத்தரும் அரை மார்க் ஏமாற்ற முடியாது. இவள் பாஸ் போடாமல் ஸ்கூலைத் திறக்க வேண்டாம்."

நான் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை இழுத்தேன். அண்ணன் பாதியைக் காலி செய்திருந்தான், மீதியை நான் செய்தேன். அப்பா என்னை ஒதுக்கவில்லை. தன் நாற்காலியைத்தான் எனக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இதை வாயால் சொல்லியிருந்தால் என்னவாம், கிழவருக்கு? பதினோரு ஃபெயிலை மட்டும் வாய் நிறையச் சொன்னாரே.

"இதை ஏன் நீ முதல்லயே காட்டல?" என்று அவளிடம் எகிறினேன்.

"அக்காவா வந்து ஸ்கூலைப் பத்திக் கேட்டா அப்போ காட்டுன்னு ஐயா சொன்னாரு." அவள் தயங்கினாள். "நீங்க வரலைக்கா. நோட்டீஸ்தான் வந்துச்சு."

நோட்டை மூடிக் கைப்பைக்குள் போட்டேன்.

"கேஸை வாபஸ் வாங்கிடலாமா மேடம்?" என்றார் என் வக்கீல்.

"வாங்கிடுங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினேன். "ஆனா டெஸ்ட் உண்டு. வியாழக்கிழமை எனக்கு லீவு. காலையில எட்டு மணி."

"நானும் வரலாமா?" என்று கேட்டார் நீதிபதி. "பின் சீட்டுல சும்மா உட்கார்ந்து பார்க்க" என்று சேர்த்துக்கொண்டார். வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை ஷெட்டைத் திறந்ததும் அப்பாவின் வாசனை வந்தது, பெட்ரோலும் அவர் போடும் முகப்பவுடரும் கலந்தது. முப்பது வருடத்துக்குப் பிறகு அந்தக் காரில் ஏறினேன், இந்த முறை ஆசிரியர் சீட்டில். அங்கே ரப்பர் தேய்ந்து பளபளத்த பிரேக் மேல் என் கால் சரியாகப் பொருந்தியது. வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அண்ணன் பின்னால் ஏறினான். டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்தேன். அவள் உள்ளங்கைகளைக் கைக்குட்டையில் மூன்று முறை துடைத்தாள்.

"புறப்படு" என்றேன்.

நல்லாத்தான் ஓட்டினாள். மார்க்கெட் தெருவில் தள்ளுவண்டிக்கு வழிவிட்டாள். பள்ளிக்கூட வாசலில், குழந்தைகள் எல்லாம் கடந்து முடித்து, செருப்பு கழன்று பின்தங்கிய ஒரு குழந்தையும் கடக்கும் வரை நின்றாள். ரவுண்டானாவில் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் சர்ரென்று குறுக்கே விழுந்தான். என் கை தானாக அவள் பக்கத்து ஹாரனை நோக்கிப் பாய்ந்தது. பாதி வழியில் அதைப் பிடித்து இழுத்து, தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். அவளோ வேகத்தைக் குறைத்து, "போகட்டும், அவசரம் போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பொறுமையாகச் சுற்றி வந்தாள். டம்ளர்த் தண்ணீர் அசைந்ததே தவிர சிந்தவில்லை. அப்பா இவளிடம் என்ன பார்த்தார் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. எனக்கு இது இந்த ஜென்மத்தில் வராது.

ரவுண்டானாவுக்குள் நுழைய ரொம்ப நேரம் தயங்கியதற்கு ஒரு மார்க் குறைத்தேன். ஓரத்திலிருந்து தள்ளி நிறுத்தியதற்கு ஒன்று. இன்னும் பதினெட்டு மிச்சம். ஸ்கூல் இருக்கும் தெருவுக்குத் திரும்ப ஒரே ஒரு திருப்பம் பாக்கி. வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

கிரீச் கிரீச் என்று வைப்பர் ஓடத் தொடங்கியது.

மருந்துக்கடைக்காரர் வாசலுக்கு வந்து கும்பிட்டார். அவள் வைப்பரை நிறுத்தி, சிக்னல் போட்டு, திரும்பி, ஷெட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

நான் அட்டையை எடுத்துப் பேனாவைத் திறந்தேன்.

"அரை மார்க்குதானேம்மா, விட்டுடேன்" என்றான் அண்ணன், நிபந்தனையை மீறி.

"நீ பல்லைக் கட்டு, போ" என்றேன். பதினேழரை என்று எழுதினேன். அப்பாவின் பெயர் இருந்த பதினான்கு வரிக்குக் கீழே, அவர் ஹாரன் என்று எழுதியதற்குப் பக்கத்தில், கையெழுத்துப் போட்டேன். "ஃபெயில்."

அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "ஐயா இருந்திருந்தாலும் இதேதான் போட்டிருப்பாருக்கா" என்றாள். சொன்னதும் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், எனக்கும் அதுவே ஆயிற்று. ஷெட் வாசலில் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதை மருந்துக்கடைக்காரர் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். இதற்கு மட்டும் வாய் திறக்கத் தெரிகிறது அந்த மனுஷனுக்கு.

"அடுத்த வியாழக்கிழமை" என்றேன். "நடுவுல தினமும் அந்தத் திருப்பத்துல பயிற்சி. இவன் பக்கத்துல உட்காருவான்."

"நானா?" என்றான் அண்ணன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். அடியிலிருந்து பழுப்பேறிய ஓர் அட்டையை உருவினாள். மேலே ஹாரன் என்று எழுதியிருந்தது. பதினோரு வரி. பன்னிரண்டாவதற்கு அப்பா கோடு போட்டு, முப்பது வருடமாக அப்படியே வைத்திருந்தார்.

"அக்கா, உங்களுக்கும் ஒண்ணு பாக்கி இருக்கு. நான் இந்தப் பக்கம் வந்து உட்காரட்டுமா?"

சீட்டு மாறினோம். சிந்தாத டம்ளர் அப்படியே இருந்தது. வெண்ணெய் மாதிரி ஓட்டினேன், அண்ணனே சாட்சி. ரவுண்டானாவில் அதே மோட்டார் சைக்கிள்காரன், சத்தியமாக அதே ஆள், மறுபடியும் குறுக்கே விழுந்தான்.

திரும்பி வந்ததும் அவள் மெல்லிய குரலில், முகம் சுளிக்காமல், "பதினாறுக்கா" என்றாள்.

"பதினாறா? எதுக்கு அவ்வளவு குறைச்ச?"

"ரெண்டு ஹாரன். ஒரு திட்டு."

"அது திட்டு இல்ல. அவனுக்கு நல்லது சொன்னேன்."

"கண்ணாடியை இறக்கிச் சொன்னீங்கக்கா" என்று சொல்லிவிட்டு, அடுத்த வியாழக்கிழமைத் தேதியை என் அட்டையிலும் எழுதினாள்.